இரவு பன்னிரண்டரைக்கு ஒரு நேர்காணல்

கேள்வி: வணக்கம் மேடம். பவானியில் அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். அப்பா ஜமக்காளத் தறி நெய்கிறார். 2027-ல் அமெரிக்காவில் நிதியுதவியோடு இளங்கலை சேர ஒன்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். சில கல்லூரிகள் "நேர்காணல் கட்டாயமில்லை, விரும்பினால் நேரம் பதிவு செய்யலாம்" என்கின்றன. சில கல்லூரிகள் "நாங்களே கூப்பிடுவோம்" என்கின்றன. சிலவற்றில் அந்தப் பேச்சே இல்லை. "விரும்பினால்" என்பது உண்மைதானா, இல்லை, வராதவர்களைக் கழித்துக்கட்டிவிடுவார்களா? பயத்தில் ஒரு கல்லூரியில் நவம்பர் 5, பகல் 2 மணி ஸ்லாட்டைப் போட்டுவிட்டேன். அது அமெரிக்க நேரம் என்று அப்புறம்தான் தெரிந்தது. நம்ம ஊரில் அப்போது இரவு 11.30 என்று சித்தப்பா சொல்கிறார். மாற்றினால் தப்பாக நினைப்பார்களா? மற்ற கல்லூரிகளுக்கு எந்த மாதத்தில் போடுவது? ஈரோட்டில் ஒரு ஏஜென்ட் 15,000 ரூபாய் கொடுத்தால் எல்லா நேர்காணலையும் அவரே பதிவு செய்து தருவாராம். கொடுத்துவிடலாம் என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம், பவானி.

அன்புள்ள மாணவிக்கு,

என் மகளைவிடச் சின்னவள் நீ. அதனால் "நீ" என்றே எழுதுகிறேன்.

முதலில் அந்த நவம்பர் 5-ஐ முடித்துவிடுவோம். சித்தப்பாவின் கூட்டலில் தப்பில்லை, மாதத்தில்தான் தப்பு. இப்போது ஜூலை. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் இன்றைக்கு உள்ள வித்தியாசம் ஒன்பதரை மணி நேரம். பகல் இரண்டோடு அதைக் கூட்டினால் அவர் சொன்ன 11.30 வரும். ஆனால் அந்த நாட்டில் மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி பின்னால் இழுத்துவிடுவார்கள். இந்த 2026-ல் அது நவம்பர் 1. அன்றிலிருந்து வித்தியாசம் பத்தரை மணி நேரமாகிவிடும். ஆக உன் நேர்காணல் இரவு 12.30-க்கு. நம் பேச்சில் அது "வியாழன் ராத்திரி", காலண்டரில் நவம்பர் 6, வெள்ளி. இந்தக் குழப்பத்தில்தான் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். "6-ம் தேதி 12.30" என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை இரவு தலை வாரிக் காத்திருந்த ஒரு மாணவனை எனக்குத் தெரியும். அவனுக்காக அங்கே ஒருவர் காத்திருந்தது முந்தைய இரவு.

வேலையின் பொருட்டு ஆறு வருடம் நான் மேசையின் அந்தப் பக்கம் இருந்தேன். அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு சிறிய கல்லூரி, அதன் சேர்க்கை அலுவலகம். நாங்கள் அனுப்பும் உறுதி மின்னஞ்சலில் வருடம் பூராவும் "ஈஎஸ்டி" என்றே அச்சாகி வந்தது. அது குளிர்கால நேரம். கோடையில் "ஈடிடி" என்று இருந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அந்த நடு எழுத்தைக் கவனிப்பதில்லை, அதனால் யாரும் திருத்தவும் இல்லை. ஒரு கோடையில் நேபாளத்திலிருந்து ஒரு பையன் கவனித்தான். "காலை 10 மணி ஈஎஸ்டி" என்றால் காத்மாண்டுவில் இரவு 8.45 என்று சரியாகவே கணக்கிட்டு, 8.45-க்கு வந்து உட்கார்ந்தான். எங்கள் சுவர்க் கடிகாரத்தில் அப்போது பதினொன்று. நாங்கள் 10.15-க்கே "வரவில்லை" என்று குறித்துவிட்டுப் போயிருந்தோம். கவனமாக இருந்தவனைத்தான் எங்கள் அலட்சியம் தண்டித்தது. அவன் எழுதிய மின்னஞ்சலைப் படித்த பிறகுதான் தப்பு யாருடையது என்று எங்களுக்கே விளங்கியது. மன்னிப்புக் கேட்டு வேறு நேரம் கொடுத்தோம்.

அதனால் நேரத்தை உறுதி செய்து வரும் மின்னஞ்சலுக்கு ஒரு வரி பதில் போடு: "இது இந்திய நேரப்படி இன்ன கிழமை, இன்ன தேதி, இரவு இத்தனை மணி என்று புரிந்துகொள்கிறேன், சரிதானே?" இதைக் கேட்பதால் யாரும் உன்னை மட்டமாக எண்ணமாட்டார்கள். பதிவுப் பக்கத்திலேயே எந்த ஊர் நேரம் என்று ஒரு மூலையில் இருக்கும். சில பக்கங்கள் உன் கணினியைப் பார்த்துத் தாமாகவே இந்திய நேரத்துக்கு மாற்றிக் காட்டும், சில கல்லூரி இருக்கும் ஊர் நேரத்தையே காட்டும். அதைப் பார்க்காமல் ஸ்லாட்டைத் தொடாதே.

மாற்றினால் தப்பாக நினைப்பார்களா என்றாய். மாட்டார்கள். உறுதி மின்னஞ்சலின் அடியில் பெரும்பாலும் நேரம் மாற்றவோ ரத்து செய்யவோ ஒரு இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் போதும், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இணைப்பு இல்லையென்றால் அலுவலகத்துக்கு நாலு வரி: உன் பெயர், பிறந்த தேதி, பதிவான நேரம், உனக்குச் சரிப்படும் மூன்று நேரங்கள். அந்த மூன்றையும் அவர்கள் ஊர் நேரத்திலும் நம் நேரத்திலும் எழுது. நாலு மாதம் முன்னால் மாற்றுகிறாய், அது அவர்களுக்குச் சௌகரியம்தான். கோபம் வருவது சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போனால்தான். நேர்காணலே போடாதவள் கோப்பில் அந்த இடம் வெற்றாக இருக்கும். போட்டுவிட்டு வராதவள் கோப்பில் "வரவில்லை" என்று ஒரு குறிப்பு இருக்கும். வெற்றிடம் எவ்வளவோ மேல்.

இப்போது உன் பெரிய கேள்வி. "விரும்பினால்" என்ற சொல்லை நம் ஊர்க் காதால் கேட்டால் பயமாகத்தான் இருக்கும். "விருப்பப்பட்டவர்கள் ஸ்பெஷல் கிளாஸுக்கு வரலாம்" என்று ஹெட்மாஸ்டர் சொன்னால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? அங்கே அந்தச் சொல்லை அநேகமாகச் சொன்ன அர்த்தத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி ஏற்பாடு வேறு. உன் ஒன்பதையும் முதலில் மூன்று குவியலாகப் பிரி.

நேர்காணலே இல்லாதவை ஒரு குவியல். கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள், அதாவது பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ் முதலிய வளாகங்கள், இளங்கலைச் சேர்க்கைக்குப் பொதுவாக யாரையும் நேர்காணல் செய்வதில்லை. ஆம்ஹெர்ஸ்ட், வில்லியம்ஸ் இரண்டும் அப்படியே. சிகாகோ பல்கலைக்கழகமும் பிரவுனும் முன்னாள் மாணவர் நேர்காணலைச் சில வருடங்களுக்கு முன்பே கைவிட்டுவிட்டு, விருப்பமுள்ளவர்கள் ஒரு குட்டி வீடியோ அனுப்பலாம் என்று மாற்றிக்கொண்டன. இந்தக் குவியலில் உள்ள கல்லூரிக்கு "எனக்கு மட்டும் ஒரு நேர்காணல் தர முடியுமா" என்று எழுதாதே. வருடத்துக்கு நூறு பேர் அப்படி எழுதுவார்கள், எல்லாருக்கும் ஒரே பதில்தான் போகும்.

அவர்களே கூப்பிடுகிறவை இரண்டாவது குவியல். எம்ஐடி, ஹார்வர்ட், டார்ட்மத் இந்த வகை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகு, உன் பக்கத்தில் முன்னாள் மாணவர் யாராவது நேரத்தோடு இருந்தால் அவர் உனக்கு எழுதுவார். நீ கேட்டுப் பெற முடியாது. ஆள் கிடைக்காவிட்டால் அதற்காக உன்னைக் குறைத்து மதிப்பிடுவதில்லை என்று அந்தக் கல்லூரிகளே எழுதி வைத்திருக்கின்றன. அதை நம்பலாம். அந்த ஆறு வருடத்தில், நேர்காணலுக்கு ஆள் கிடைக்காத பிள்ளையின் கோப்பை யாரும் அந்தக் காரணத்துக்காக ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

மூன்றாவது குவியல்தான் உன் தலைவலி. நீயே நேரம் பார்த்துப் பதிவு செய்யும் கல்லூரிகள். பெரும்பாலும் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் மாணவர்கள் படிக்கும் சிறிய கல்லூரிகள். மெய்ன் மாநிலத்தில் இருக்கும் போடின் போல. எதிரே உட்காருபவர் சேர்க்கை அலுவலர் என்று நினைக்காதே, பல இடங்களில் அது பயிற்சி பெற்ற கடைசி ஆண்டு மாணவர், உன்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு அக்காவோ அண்ணனோ. அரை மணி நேரப் பேச்சு, அப்புறம் அவர் எழுதும் ஒரு குறிப்பு. அது கோப்புக்குள் போகும்.

அந்தக் குறிப்புக்கு எவ்வளவு எடை என்று தெரிந்துகொள்ள ஏஜென்ட் வேண்டாம். "காமன் டேட்டா செட்" என்று ஒரு படிவம் உண்டு. பெரும்பாலான கல்லூரிகள் அதை ஆண்டுதோறும் நிரப்பித் தங்கள் தளத்தில் போட்டுவிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு அந்தப் பெயரைச் சேர்த்துத் தேடு. அதில் சி7 என்ற அட்டவணைக்குப் போ. மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் என்று வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே "மிக முக்கியம்", "முக்கியம்", "கருத்தில் கொள்வோம்", "கருத்தில் கொள்வதில்லை" என்று நாலு கட்டம். நேர்காணலுக்கு ஒரு வரி இருக்கும். "விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வம்" என்று இன்னொரு வரியும் இருக்கும். இந்த இரண்டாவது வரியை யாரும் பார்ப்பதில்லை, நீ பார். ஆர்வத்தை "முக்கியம்" என்று குறித்திருக்கும் கல்லூரியில், நேர்காணலுக்கு நேரம் போட்டு வந்து பேசியதே ஒரு கணக்கு. அங்கே "விரும்பினால்" என்பதை ஹெட்மாஸ்டர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

உன் விஷயத்தில் எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. நியூ ஜெர்சியில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு அவள் பள்ளி ஆலோசகர் இரண்டு பக்கம் பரிந்துரை எழுதுவார், அந்தப் பள்ளி எப்படிப்பட்டது என்று கல்லூரிக்கு ஏற்கெனவே தெரியும். உன் பள்ளியிலிருந்து போகும் கடிதம் என்ன சொல்லும்? "ஒழுக்கமான மாணவி, நன்றாகப் படிப்பாள், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்." உன் ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, நடத்தைச் சான்றிதழ் எழுதிப் பழகிய கை அது. அந்த இரண்டு வரி சொல்லாமல் விட்டதை உன் வாயால் சொல்ல அரை மணி நேரம் கிடைக்கிறது, அதுவும் இலவசமாக. அதனால் மூன்றாவது குவியலில் இடம் கிடைக்கும் கல்லூரிகளில் நீ போடு. வசதியான பள்ளியில் படிக்கும் ஒருத்தி இதையே கேட்டிருந்தால், விட்டாலும் பரவாயில்லை என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

ஆனால் எல்லாவற்றிலும் போடாதே. மிஞ்சிப்போனால் நாலு. ஐந்தாவது பேச்சில் உன் பதில்கள் உனக்கே புளித்துப்போயிருக்கும், கேட்பவருக்கும் அது தெரியும்.

எந்த மாதம்? அவர்கள் காலண்டரைப் பார்க்குமுன் உன் காலண்டரை எடுத்து வை. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டு, பிப்ரவரி வாக்கில் செய்முறை, மார்ச்சில் பொதுத்தேர்வு. அந்தப் பக்கம், காமன் ஆப் என்கிற பொது விண்ணப்பம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15, வழக்கமான விண்ணப்பங்களுக்கு ஜனவரி முதல் இரண்டு வாரங்கள் கடைசி. நேர்காணலுக்குக் கடைசி நாள் தனி, அநேகமாக விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முன்பே முடிந்துவிடும். பலர் விண்ணப்பத் தேதியை மட்டும் குறித்துக்கொண்டு இதைக் கோட்டைவிடுகிறார்கள். நவம்பர் 26 அங்கே நன்றி நவிலும் நாள், அந்த வாரம் அலுவலகத்தில் ஆள் இருக்காது. டிசம்பர் 20-க்கு மேல் கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று மூடிக் கிடக்கும்.

இரண்டு காலண்டரையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் உனக்கு மிஞ்சுவது ஆகஸ்ட் கடைசியும் அக்டோபர் முழுவதும்தான். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒன்றே ஒன்று போடு, பட்டியலில் உனக்கு மூன்றாவதாகவோ நாலாவதாகவோ பிடித்த கல்லூரி. முதல் பேச்சில் எல்லாருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அது மிகப் பிடித்த கல்லூரியிடம் நடக்க வேண்டாம். காலாண்டுத் தேர்வு முடியும்வரை எதுவும் வேண்டாம். மற்ற மூன்றையும் அக்டோபரில், வாரத்துக்கு ஒன்று. மிகப் பிடித்ததை மூன்றாவதாக வை, கடைசியாக வைக்காதே. மழையாலோ வேறு எதனாலோ தள்ளிப்போனால் பின்னால் ஒரு வாரமாவது மிச்சமிருக்க வேண்டும்.

ஜூலையிலேயே முந்திக்கொள்பவர்களைப் பார்த்துப் பதறாதே. முதல் ஸ்லாட்டில் வந்தவள் என்று யாரும் கூடுதல் மதிப்பெண் போடுவதில்லை. கட்டுரையின் முதல் வரைவு எழுதுமுன் நேர்காணலுக்குப் போகாதே என்றும் சொல்வேன். "ஏன் எங்கள் கல்லூரி?" என்ற கேள்வி வரும். எழுதிப் பார்த்தவளிடம் பதில் இருக்கும், எழுதாதவள் அவர்கள் தளத்தில் உள்ள வாசகத்தையே அவர்களுக்குத் திருப்பிச் சொல்வாள்.

மாதத்தைவிட மணி முக்கியம். உனக்கு மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வீடு வர ஏழு ஆகும் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் உன் நேரம் இரவு ஏழரை முதல் ஒன்பதரை வரை. அக்டோபரில் அது கிழக்குக் கரையில் காலை பத்து முதல் பன்னிரண்டு. அதே காலை பத்து மணி நவம்பர் 1-க்குப் பிறகு நமக்கு இரவு எட்டரை. அயோவா, மினசோட்டா போன்ற நடு மாநிலங்கள் இன்னும் ஒரு மணி நேரம் பின்னால், அவர்கள் காலை ஒன்பது மணி அக்டோபரில் நமக்கு ஏழரை. மேற்குக் கரைதான் சங்கடம். கலிஃபோர்னியாவில் காலை ஒன்பது என்றால் நமக்கு அக்டோபரில் இரவு ஒன்பதரை, நவம்பரில் பத்தரை. அதற்கு வேறு வழி இருக்கிறது. விடியற்காலையில் எழுந்து படிக்கிற பழக்கம் உனக்கு உண்டா? அக்டோபரில் அவர்களுடைய மாலை ஐந்து மணி நமக்கு மறுநாள் காலை ஐந்தரை. நவம்பரில் அந்த ஐந்தரை அவர்களுடைய மாலை நாலாகிவிடும், அலுவலகம் திறந்திருக்கும் நேரம். ஆகவே மேற்குக் கரைக் கல்லூரி ஒன்று இருந்தால் அதை மட்டும் நவம்பருக்குத் தள்ளினால்கூட உனக்கு லாபம். அந்த வேளையில் தெருவும் தூங்கும், நெட்டும் நன்றாக வரும். ஒரே ஒரு எச்சரிக்கை, நவம்பர் 8 ஞாயிறு தீபாவளி. அதற்கு முன்பின் நாட்களில் பவானியில் எந்த வேளையும் நிசப்தமாக இருக்காது.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புத் தடை பகலில்தான் வரும் என்பதால் இரவு ஸ்லாட்டுக்கு அந்தப் பயம் குறைவு. வடகிழக்குப் பருவமழைக்குத்தான் நேரம் காலம் கிடையாது. போனில் டேட்டா போட்டு, சார்ஜ் ஏற்றிப் பக்கத்தில் வை. இணைப்பு அறுந்தால் எந்த எண்ணுக்கு, எந்த முகவரிக்குச் சொல்வது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். பாதியில் அறுந்த நேர்காணலுக்கு மறு நேரம் கேட்டால் கொடுப்பார்கள், நாங்களும் கொடுத்திருக்கிறோம்.

பக்கத்தைத் திறந்தால் "இடம் இல்லை" என்று இருக்கிறதா? அழ வேண்டாம். பல கல்லூரிகள் ஸ்லாட்டுகளை மொத்தமாகத் திறப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ரத்தானவையும் திரும்ப வந்து சேரும். வாரத்துக்கு இரண்டு தடவை, அவர்கள் அலுவலக நேரத்தில் எட்டிப் பார். ஒரு மாதம் பார்த்தும் கிடைக்கவில்லை என்றால் அலுவலகத்துக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு விட்டுவிடு. சில கல்லூரிகள் இனிஷியல்வியூ என்ற வெளி நிறுவனம் எடுக்கும் நேர்காணலை ஏற்கின்றன. அதற்குக் கட்டணம் உண்டு. கல்லூரி தன் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் மட்டும் யோசி, நிதியுதவி கேட்கும் மாணவிக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று அந்தக் கல்லூரியிடமே முதலில் கேள்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி நேர்காணலைப் பதிவு செய்யப் பைசா கிடையாது. உன் பெயர், மின்னஞ்சல், பள்ளி, எந்த ஆண்டு சேரப் போகிறாய் என்று நிரப்பும் ஐந்து நிமிட வேலைக்கு 15,000 ரூபாய் கேட்கிறார். பணத்தை விடு, அவர் பதிவு செய்தால் அவருடைய மின்னஞ்சலைப் போடுவார். கல்லூரி அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் அவர் பெட்டிக்குப் போகும். நேரம் மாறினால் அவர் சொன்னால்தான் உனக்குத் தெரியும். அவருடைய முப்பது மாணவர்களில் நீ ஒருத்தி. ஒரே முகவரியிலிருந்து ஐந்து பிள்ளைகளுக்குப் பதிவு வந்தால் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் கண் தெரியும். அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டு. அந்தப் பணத்தில் ஒரு பங்கு போதும், நல்ல ஹெட்போனும் மூன்று மாத நெட்டும் வாங்கிவிடலாம்.

மின்னஞ்சல் முகவரி உன்னுடையதாக, உன் பெயரில், நீ தினமும் பார்ப்பதாக இருக்கட்டும். விண்ணப்பத்தில் எந்த முகவரியோ அதையே எல்லா இடத்திலும் போடு, இல்லாவிட்டால் நேர்காணல் குறிப்பு ஒரு கோப்பிலும் விண்ணப்பம் இன்னொரு கோப்பிலும் கிடக்கும். சான்றிதழில் உள்ளபடியே பெயரும். இனிஷியல் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பதில் நம் பிள்ளைகள் மூன்று கல்லூரிக்கு மூன்று விதமாக எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது குவியல் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்ட பிறகு, ஸ்பாம் பெட்டியை நாள்தோறும் பார். முன்னாள் மாணவர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த முகவரியிலிருந்து எழுதுவார்கள், அது நேரே குப்பைக்குப் போய்விடும். முன்கூட்டிய விண்ணப்பம் என்றால் நவம்பரில் வரும். வழக்கமானது என்றால் ஜனவரி, பிப்ரவரி, சரியாக உன் செய்முறைத் தேர்வு நேரம். இரண்டு நாளுக்குள் பதில் போடு. தேர்வு இருந்தால் மறைக்காமல் சொல்லி, மூன்று மாற்று நேரம் கொடு. அவரும் வேலைக்குப் போய்க்கொண்டு இலவசமாக இதைச் செய்கிறவர், ஒருவேளை சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து நம் நேரத்திலேயே பேசக்கூடும். உன் மதிப்பெண்ணோ கட்டுரையோ பெரும்பாலும் அவர் கையில் இருக்காது, அதனால் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். பணமோ பாஸ்போர்ட் நகலோ கேட்டால் அவர் நேர்காணலுக்கு எழுதியவர் இல்லை. உடனே கல்லூரிக்குத் தெரிவி.

அப்பா பக்கத்தில் உட்காரலாமா என்று நீ கேட்கவில்லை, ஆனால் எல்லா அப்பாக்களுக்கும் அந்த ஆசை உண்டு. வேண்டாம். மின்னஞ்சலும் அவர் எழுத வேண்டாம். அந்த அரை மணி நேரம் தறியை நிறுத்தி வைக்கச் சொல், அந்த ஒரு உதவி போதும். பேச்சில் தறியைப் பற்றிக் கேட்டால் தயங்காமல் சொல். பவானி ஜமக்காளம் எப்படி நெய்வது என்று அந்த நாற்காலியில் இருப்பவருக்கு அநேகமாக யாரும் இதுவரை சொல்லியிருக்கமாட்டார்கள்.

பேசி முடித்த மறுநாளுக்குள் மூன்று வரி நன்றி, அதில் அவர் சொன்ன ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு. அதோடு சரி. முடிவு என்னாயிற்று என்று அவரிடம் கேட்காதே, அவருக்கே தெரியாது.

நவம்பர் 5 ஸ்லாட்டை மாற்றும் வேலையை இன்றைக்கே தொடங்கு. முதலில் அக்டோபரில் ஒன்றைப் பிடித்து உறுதி மின்னஞ்சல் வந்த பிறகு இதை ரத்து செய். மாற்றும் இணைப்பு இருந்தால் இரண்டும் ஒரே தட்டலில் முடிந்துவிடும். அந்தப் பகல் 2 மணி பட்டியலுக்குத் திரும்பிப் போகும். அது உண்மையிலேயே பகல் 2 மணியாக இருக்கிற ஊரில் யாரோ ஒரு பிள்ளை இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்து "இடம் இல்லை" என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.